வேல்ஸ் கோட்டைகள்: கார் இல்லாமல், முட்டி வலிக்கிற அப்பாவோடு ஒரு வாரம், எதைப் பார்க்கலாம்?

கதிர்_மான்செஸ்டர்:

வணக்கம் நண்பர்களே. மே மாதம் அப்பா இங்கே வருகிறார். லண்டனைச் சுற்றிக் காட்டுகிறேன் என்றால் அவருக்கு அதில் துளியும் ஆர்வம் இல்லை. பள்ளியில் வரலாற்று ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர், "ஒரே ஒரு நாட்டின் கோட்டைகளை ஒழுங்காகப் பார்த்தால் போதும், பத்து ஊரைத் தொட்டுவிட்டு ஓடிவர வேண்டாம்" என்று சொல்லிவிட்டார். நான் இருப்பது மான்செஸ்டர் என்பதால் வேல்ஸ் என்று முடிவு செய்தேன். ஆனால் அங்கே 600க்கும் மேல் கோட்டைகள் இருக்கின்றன என்று படித்ததும் தலை சுற்றுகிறது.

என்னிடம் கார் இல்லை, ஓட்டவும் விருப்பமில்லை. அப்பாவுக்கு வயது 67, சமதரையில் எவ்வளவு தூரம் வேண்டுமானாலும் நடப்பார், படி ஏறினால் முட்டி வலிக்கும். ஒரு வாரம் இருக்கிறது. எந்தக் கோட்டைகளை எடுப்பது, எதை விடுவது? மூன்று கோட்டை பார்த்ததும் எல்லாம் ஒரே மாதிரி கற்சுவராகத் தெரிய ஆரம்பித்துவிடும் என்று அலுவலகத்தில் ஒருவர் சொன்னார், அது உண்மையா? இன்னொன்று, அப்பா கட்டாயம் கேட்கப்போகிற கேள்வி: இவ்வளவு பலமாகக் கட்டியவை ஏன் எல்லாமே கூரை இல்லாமல் இடிந்து கிடக்கின்றன? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

செல்வி_செஸ்டர்:

கதிர், கார் இல்லாததைப் பற்றிக் கவலையே படாதீர்கள். வட வேல்ஸில் ரயிலை வைத்தே ஒரு முழு வட்டம் போட்டுவிடலாம், அந்த ரயில் பாதைகளே அப்பாவுக்குப் பிடித்துப்போகும்.

மான்செஸ்டரிலிருந்து லாண்டட்னோ ஜங்ஷன் ஏறக்குறைய இரண்டு மணி நேரம். கான்வி கோட்டை அதற்கு அடுத்த நிறுத்தம்தான், ஆனால் எல்லா ரயிலும் அங்கே நிற்பதில்லை. ஜங்ஷனில் இறங்கிப் பாலத்தின் வழியே நடந்தாலும் சமதரைதான், எட்டுக் கொத்தளங்களும் எதிரே வரிசையாக நிற்பதைப் பார்த்துக்கொண்டே போகலாம், நான் எப்போதும் அப்படித்தான் போவேன். கான்வியில் இரண்டு இரவு தங்குங்கள். ஊரைச் சுற்றி 1.3 கிலோமீட்டர் மதிலும் 21 கொத்தளங்களும் இருக்கின்றன. மதில்மேல் நடக்கக் கட்டணம் கிடையாது. படி இருப்பதால் அப்பா கீழே நின்று பார்க்கலாம், அல்லது ஒரே ஒரு இடத்தில் மெதுவாக ஏறி இறங்கலாம்.

பிறகு லாண்டட்னோ ஜங்ஷனுக்குத் திரும்பி வந்து, அங்கிருந்து கான்வி பள்ளத்தாக்கு ரயிலில் ப்ளைனாய் ஃபெஸ்டினியோக் வரை போங்கள். வழியில் டோல்வித்தெலன் நிலையம் வரும். அதே ப்ளைனாய் நிலையத்தில் ஃபெஸ்டினியோக் ரயில்வேயின் குட்டி ரயிலுக்கு மாறலாம். பலகைக்கல் சுரங்கத்திலிருந்து துறைமுகத்துக்குக் கல் இறக்குவதற்காக 1836இல் போட்ட பாதை அது. அதில் மின்ஃபோர்த் வரை வந்து இறங்கினால் பக்கத்திலேயே கடலோர ரயில் நிலையம், அதில் ஹார்லெக் போய்ச் சேரலாம். பிறகு போர்த்மடாக் வந்து வெல்ஷ் ஹைலேண்ட் நீராவி ரயிலில் 40 கிலோமீட்டர், மலையைச் சுற்றிக்கொண்டு கைர்னார்வன். கைர்னார்வனிலிருந்து பேங்கருக்குப் பேருந்து, பேங்கரிலிருந்து பியூமாரிஸுக்கு இன்னொரு பேருந்து. பேங்கரில் ரயில் ஏறினால் வீடு.

ஆனால் ஒரு விஷயம். பள்ளத்தாக்கு ரயில் ஒரு நாளைக்குச் சில முறைதான் ஓடும், வெள்ளம் வந்தால் பாதையையே மூடிவிடுவார்கள். நீராவி ரயில்கள் எல்லா நாளும் ஓடுவதில்லை. ஞாயிற்றுக்கிழமையை இடம் மாறும் நாளாக வைத்துக்கொள்ளவே கூடாது. முதலில் ரயில் நாட்களைப் பார்த்துவிட்டு, அதற்குப் பிறகு தங்குமிடம் பதிவு செய்யுங்கள்.

நெடுநல்_வழி:

தம்பி, செல்வி சொன்ன பாதை அருமை. ஆனால் கான்வி, ஹார்லெக், கைர்னார்வன், பியூமாரிஸ் நான்கையும் பார்த்துவிட்டு "வேல்ஸ் கோட்டைகளைப் பார்த்தோம்" என்று வந்துவிடாதீர்கள். அவை நான்கும் வேல்ஸைப் பிடித்து அடக்குவதற்காக இங்கிலாந்தின் முதலாம் எட்வர்ட் கட்டியவை. 1986இல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறியதும் அவன் பெயரில்தான். வெல்ஷ் இளவரசர்கள் தாங்களே கட்டிக்கொண்ட கோட்டைகள் வேறு. அவை சிறியவை, தனிமையானவை, பலவற்றுக்குக் கட்டணமே இல்லை, பெரும்பாலான பயணிகள் எட்டிக்கூடப் பார்ப்பதில்லை. எனக்கு இது பல வருட ஆதங்கம், அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

1282 டிசம்பர் 11 அன்று, எட்வர்டை எதிர்த்த வெல்ஷ் இளவரசர் லிவெலின் ஆப் கிரிஃபித் கில்மெரி அருகே கொல்லப்பட்டார். அடுத்து அவருடைய தம்பி டாஃபித் போரைத் தொடர்ந்தார். 1283 ஜனவரியில் வெல்ஷ் இளவரசர்களின் டோல்வித்தெலன் கோட்டை விழுந்தது, பனிக்காலம் என்பதால் அங்கே காவல் வைத்த ஆங்கிலப் படைக்கு வெள்ளை உடை கொடுத்ததாகக் கணக்கேட்டிலேயே இருக்கிறது. ஏப்ரலில் அவர்களுடைய இன்னொரு கோட்டையான காஸ்டெல் அ பெரெ விழுந்தது. ஜூனில் டாஃபித் பிடிபட்டார், அக்டோபரில் ஷ்ரூஸ்பரியில் குதிரையின் பின்னால் கட்டி இழுத்து, தூக்கிலிட்டு, உடலைக் கூறுபோட்டார்கள். லிவெலினுடைய ஒரே மகள் குவென்லியன் அப்போது கைக்குழந்தை. அவளை இங்கிலாந்தில் செம்ப்ரிங்ஹாம் மடத்தில் கொண்டுபோய் விட்டார்கள், 1337இல் சாகும்வரை அங்கேயேதான் இருந்தாள்.

இதைத் தெரிந்துகொண்டு கான்விக்குப் போங்கள். அந்த இடத்தில் முன்பு ஒரு துறவியர் மடம் இருந்தது, லிவெலினின் தாத்தா பெரிய லிவெலின் அடக்கம் செய்யப்பட்டது அங்கேதான். எட்வர்ட் மடத்தையே பெயர்த்து மேனான் என்ற இடத்துக்கு அனுப்பிவிட்டு, அந்த மண்ணில் தன் கோட்டையையும் ஆங்கிலேயர் குடியேறுவதற்கான ஊரையும் கட்டினான். பியூமாரிஸும் அப்படித்தான், பக்கத்தில் லான்வைஸ் என்று செழிப்பான வெல்ஷ் துறைமுகம் இருந்தது, அந்த மக்களை, பியூமாரிஸ் இருக்கும் ஆங்கிள்சி தீவின் மறுகோடிக்குப் பெயர்த்து அனுப்பினார்கள். 18ஆம் நூற்றாண்டில் தாமஸ் பென்னன்ட் என்ற வெல்ஷ் எழுத்தாளர் கைர்னார்வனைப் பார்த்துவிட்டு, நம் அடிமைத்தனத்தின் பிரமாண்டமான சின்னம் என்று எழுதினார். வரலாற்று ஆசிரியரான உங்கள் அப்பாவுக்கு நான் விளக்கவே வேண்டாம்.

ஆகவே டோல்வித்தெலனை வழியில் தெரிகிற நிலையமாக விட்டுவிடாமல் கட்டாயம் இறங்குங்கள், ஓட்டுநரிடமோ நடத்துநரிடமோ முன்கூட்டியே சொன்னால்தான் ரயில் நிற்கும். நிலையத்திலிருந்து கோட்டை ஏறக்குறைய ஒன்றரை கிலோமீட்டர், கடைசியில் கொஞ்சம் ஏற்றம். உச்சியில் இருக்கும் பல்வரிசை மதில் 19ஆம் நூற்றாண்டில் வைத்தது, கீழே உள்ள சதுரக் கோபுரம்தான் பழசு. கைர்னார்வனில் தங்கும்போது பேருந்தில் லான்பெரிஸ் போய் டோல்பாடர்ன் பாருங்கள். ஏரிக்கு மேலே பாறையில் ஒற்றை வட்டக் கோபுரம், ஏறக்குறைய 15 மீட்டர், பின்னால் மலைக்கணவாய். ஓவியர் டர்னர் வரைந்து தந்த இடம் அது. நான்கு பெரிய கோட்டைகளில் ஒன்றை விட்டாலும் பரவாயில்லை, டோல்பாடர்னை விடாதீர்கள்.

கல்தச்சன்:

நெடுநல் ஐயா சொன்ன வரலாறு சரி, நான் மறுக்கவில்லை. ஆனால் அந்த நான்கில் ஒன்றைக்கூட விடச் சொல்வதை ஏற்க மாட்டேன். கட்டியது எட்வர்டின் கைகள் இல்லை. 1296இல் பியூமாரிஸிலிருந்து அரசுக் கருவூலத்துக்குப் போன கடிதம் இன்னும் இருக்கிறது, 400 கல்தச்சர்கள், 2000 கூலியாட்கள், கல் உடைப்பவர்கள் 200 பேர், கொல்லர்கள் 30 பேர், கல்லும் கரியும் ஏற்றிவர 30 படகுகள், இவர்களுக்கெல்லாம் கூலி பாக்கி, பணம் அனுப்புங்கள் என்று கெஞ்சுகிறது. பணம் ஸ்காட்லாந்துப் போருக்குத் திரும்பிவிட்டது, கோட்டை கடைசிவரை முடியவே இல்லை. முடியாமல் நின்றதால்தான் அதன் கொத்தளங்கள் மற்றவற்றைவிடக் குட்டையாக இருக்கின்றன. உள்மதில், வெளிமதில், அகழி என்று ஒன்றுக்குள் ஒன்றாக வைத்த அமைப்பில் பிரிட்டனிலேயே இவ்வளவு சீரான கோட்டை கிடையாது. கடல்நீர் ஏறும் நேரத்தில் கப்பல் நேராகக் கோட்டை வாசலுக்கே வந்து நிற்கும்படி துறையும் வைத்திருந்தார்கள்.

அடுத்து, எல்லாம் ஒரே மாதிரி தெரியும் என்ற பேச்சு. சுவரைப் படிக்கத் தெரியாவிட்டால் அப்படித்தான் தெரியும். கதிர், உள்ளே நுழைந்ததும் சுவரில் ஒரே மட்டத்தில் சதுரத் துளைகள் வரிசையாக இருக்கின்றனவா என்று பாருங்கள், அங்கே மர உத்திரம் செருகியிருந்தது, அதாவது அந்த உயரத்தில் ஒரு தளம் இருந்தது. அந்தரத்தில் தொங்குகிற மாதிரி ஒரு கணப்படுப்பு தெரிந்தால் அந்த மாடியில் யாரோ தங்கியிருந்தார்கள் என்று பொருள். சுவரில் சாய்வாகக் கோடு ஓடினால் அங்கே கூரை முட்டியது. ஜன்னலின் இரு பக்கமும் கல்லாலான இருக்கை இருந்தால் வசதியானவர்களின் அறை.

வெளியே வந்தால் இன்னொன்று. சிறிய துளைகள் கோபுரத்தைச் சுற்றிச் சாய்வாக ஏறிக்கொண்டே போகும், சாரம் கட்டிய துளைகள் அவை. பாரம் தூக்குபவர்கள் ஏணி ஏறாமல் சரிவில் நடந்தே மேலே போகும்படி சாரத்தைச் சுற்றிச் சுற்றிக் கட்டினார்கள். இந்தப் பழக்கம் ஆல்ப்ஸ் மலைப் பக்கத்துச் சவாய் நாட்டிலிருந்து வந்தது, கட்டுமானத் தலைமை ஏற்ற மாஸ்டர் ஜேம்ஸும் அங்கிருந்து வந்தவர்தான். ஹார்லெக்கிலும் கான்வியிலும் இதைப் பார்க்கலாம். கான்வி சுவரில் ஆங்காங்கே சுண்ணாம்புப் பூச்சு ஒட்டியிருப்பதையும் கவனியுங்கள், அந்தக் கோட்டை முழுவதும் ஒரு காலத்தில் வெள்ளை வெளேர் என்று நின்றது.

கைர்னார்வன் இவற்றிலிருந்து முற்றிலும் வேறு. வட்டக் கொத்தளம் கிடையாது, எல்லாம் பல கோணம், சுவரில் நிறம் மாறி மாறிக் கல்வரிசை. கான்ஸ்டான்டிநோபிள் மதிலை மனதில் வைத்துச் செய்தது என்பது பலருடைய கருத்து. ஊருக்கு மேலே செகோன்டியம் என்ற ரோமானியக் கோட்டையின் அடித்தளம் இருக்கிறது, அந்தப் பழைய பேரரசின் மரியாதையைத் தனக்கு எடுத்துக்கொள்ளும் ஆசை எட்வர்டுக்கு இருந்திருக்கிறது.

ஏன் இடிந்தன என்பதற்கு ஒரே பதில் இல்லை. 1485இல் வெல்ஷ் வம்சாவளியில் வந்த ஏழாம் ஹென்றி அரசரான பிறகு இந்தக் கோட்டைகளுக்கு வேலையே போய்விட்டது, பராமரிப்புக்குப் பணம் வரவில்லை. 1640களில் அரசருக்கும் நாடாளுமன்றத்துக்கும் நடந்த உள்நாட்டுப் போரில் திரும்பவும் படை ஏறியது, ஹார்லெக் 1647இல்தான் சரணடைந்தது. மறுபடி யாரும் பயன்படுத்திவிடக் கூடாது என்று நாடாளுமன்றப் பக்கம் வேண்டுமென்றே பல கோட்டைகளை உடைத்தது. கான்வியில் மிச்சமிருந்த ஈயமும் இரும்பும் மரமும் 1665இல் கழற்றப்பட்டன. கூரையில் ஈயத்தகடு போனால் மழை உள்ளே வரும், உத்திரம் மக்கும், தளம் விழும். வேல்ஸ் மழை இருக்கும்போது கோட்டைக்கு வேறு எதிரியே வேண்டாம்.

மருதாணி:

முட்டி வலியைப் பற்றி யாரும் சரியாகப் பேசவில்லையே. என் அம்மாவைக் கூட்டிக்கொண்டு போன அனுபவத்தில் சொல்கிறேன்.

கைர்னார்வனில் கிங்ஸ் கேட் வாசலில் இப்போது மின்தூக்கி இருக்கிறது, 2023இல் திறந்தார்கள், மேலே மதில் உயரத்தில் உள்ள தளத்துக்கே கொண்டுபோய் விடும். அப்பா மேலிருந்து ஒரு கோட்டையைப் பார்க்க வேண்டும் என்றால் அது இங்கேதான். பியூமாரிஸ் கடல்மட்டத்தில் சமதரையில் இருக்கிறது, அகழியைச் சுற்றியும் உள்முற்றத்திலும் படி ஏறாமலே நிறைய பார்க்கலாம். கான்வியில் உள்ளே போகும் சரிவு கொஞ்சம் ஏற்றம், அதற்கப்புறம் முற்றங்கள் சிரமமில்லை. கொத்தளத்துக்குள் இருக்கும் சுழற்படிகள் மட்டும் குறுகலானவை, மழை பெய்தால் வழுக்கும், எதிரே ஆள் வந்தால் ஒதுங்க இடம் இருக்காது. அவற்றை அப்பாவுக்கு வேண்டாம் என்று முதலிலேயே முடிவு செய்துவிடுங்கள், அங்கே போய் யோசித்தால் அவர் ஆசையில் ஏறிவிடுவார்.

ஹார்லெக்கில் கவனம். ரயில் நிலையம் பாறைக்குக் கீழே, கோட்டை பாறைக்கு மேலே. மேலே போகும் ஒரு தெரு உலகிலேயே மிகச் செங்குத்தான தெரு என்று 2019இல் கின்னஸில் ஏறியது, மறு வருடமே அந்தப் பட்டம் நியூசிலாந்துத் தெருவுக்குத் திரும்பப் போய்விட்டது, ஆனால் ஏற்றம் அப்படியேதான் இருக்கிறது! கீழேயிருந்து வாடகைக் காருக்கு முன்கூட்டியே சொல்லி வையுங்கள், சின்ன ஊர், நிலையத்தில் வண்டி காத்திருக்காது. மேலே போய்விட்டால் 2015இல் போட்ட நடைபாலம் நேராகக் கோட்டை வாசலுக்குள் கொண்டுபோகும். முன்பு இருந்த மரப்படி தொல்லை இப்போது இல்லை.

டிக்கெட் விஷயம்: பெரிய கோட்டைகள் நான்கும் வேல்ஸ் அரசின் கடூ அமைப்பிடம் இருக்கின்றன. 65 வயதுக்கு மேல் சலுகைக் கட்டணம் உண்டு. நீங்கள் ஏற்கெனவே இங்கிலீஷ் ஹெரிடேஜ் உறுப்பினரா? அப்படியானால் முதல் வருடம் பாதிக் கட்டணம், புதுப்பித்த பிறகு இலவசம். அட்டையை எடுத்துப்போக மறக்காதீர்கள்.

கதிர்_மான்செஸ்டர்:

எல்லோருக்கும் மிக்க நன்றி. இவ்வளவு எதிர்பார்க்கவில்லை. நெடுநல் ஐயா எழுதியதை அப்பாவுக்குத் தொலைபேசியில் படித்துக் காட்டினேன், குவென்லியனைப் பற்றிய வரியைத் திரும்பப் படிக்கச் சொன்னார். டோல்வித்தெலன், டோல்பாடர்ன் இரண்டும் பட்டியலில் ஏறிவிட்டன.

இரண்டு கேள்விகள். ஒன்று, பியூமாரிஸா ஹார்லெக்கா என்று ஒன்றைத்தான் எடுக்க முடியும் என்றால் எது? இரண்டு, தென் வேல்ஸில் கேர்ஃபிலி பிரமாதம் என்கிறார்கள், அதையும் இந்த வாரத்திலேயே சேர்க்கலாமா?

நெடுநல்_வழி:

ஹார்லெக், யோசிக்கவே வேண்டாம். காரணம் ஓவைன் கிளிந்தூர். 1400இல் ஆங்கில ஆட்சிக்கு எதிராக அவர் தொடங்கிய கிளர்ச்சியில் 1401 பெரிய வெள்ளியன்று அவருடைய உறவினர்களான டியூடர் சகோதரர்களின் ஆட்கள் தச்சர்கள் போல நுழைந்து கான்வியையே பிடித்தார்கள். 1404இல் ஹார்லெக் ஓவைன் கைக்கு வந்தது, 1409 வரை அதுதான் அவருடைய இருப்பிடம், குடும்பமும் அங்கேதான் இருந்தது. அடக்குவதற்குக் கட்டிய கோட்டை சில வருடம் வெல்ஷ் இளவரசரின் வீடாக இருந்தது என்பதே எனக்குப் போதுமான காரணம். போர்த்மடாக் பக்கம் தங்கினால் கிரிக்கியெத்தையும் எட்டிப் பாருங்கள், பெரிய லிவெலின் கட்டத் தொடங்கியது, பின்னால் எட்வர்டின் கைக்குப் போனது, 1404இல் கிளிந்தூர் ஆட்கள் எரித்தார்கள். தீயில் வெந்த தடம் இன்னும் கல்லில் தெரிகிறது.

கல்தச்சன்:

கட்டுமானத்துக்காக நான் பியூமாரிஸ் என்பேன், ஆனால் ஹார்லெக்கில் இன்னொரு கதையும் இருக்கிறது, அப்பாவுக்குப் பிடிக்கும். 1294இல் மடோக் ஆப் லிவெலின் என்ற வெல்ஷ் தலைவரின் கிளர்ச்சியில் கைர்னார்வனே வீழ்ந்தது. ஹார்லெக்கோ வெறும் 37 பேரோடு தாக்குப்பிடித்தது, அயர்லாந்திலிருந்து கப்பலில் உணவு வந்ததால். இப்போது கடல் தொலைவாகப் போய்விட்டது, அப்போது பாறையடி வரை தண்ணீர் இருந்தது. மதில் ஓரத்தில் நின்று கடற்பக்கம் இறங்கும் படிகளை மேலிருந்தே பாருங்கள், அவருடைய முட்டிக்கு அதில் இறங்க வேண்டாம்.

கேர்ஃபிலியை இந்த வாரத்தில் திணிக்காதீர்கள். வடக்கிலிருந்து தெற்கே ரயிலில் போகவே ஒரு நாள் கரைந்துவிடும். அது கார்டிஃபிலிருந்து பக்கம்தான், வேறொரு வார இறுதியில் தனியாகப் போங்கள். 1268இல் கில்பர்ட் டி கிளேர் என்ற பிரபு பின்னாளில் 1282இல் கொல்லப்பட்ட அதே லிவெலினுக்குப் பயந்து கட்ட ஆரம்பித்தார், 1270இல் லிவெலின் வந்து எரித்துவிட்டுப் போனார், மறுபடி கட்டினார்கள். பரப்பில் பிரிட்டனில் விண்ட்சர் கோட்டைக்கு அடுத்த இடம், சுற்றிலும் ஏரி மாதிரி நீர்ப்பரப்பு, ஒரு கொத்தளம் பைசா கோபுரத்தைவிட அதிகமாகச் சாய்ந்து நிற்கிறது. அதே பயணத்தில் செப்ஸ்டோவும் சேரும், 1067இல் தொடங்கியது, 1190க்கு முன் செய்த மரக்கதவு உள்ளே வைத்திருக்கிறார்கள். இரண்டு ஊருக்கும் ரயில் உண்டு.

செல்வி_செஸ்டர்:

கதிர், நாட்களை இப்படிப் பிரியுங்கள்: கான்வியில் இரண்டு இரவு, போர்த்மடாக்கில் இரண்டு, கைர்னார்வனில் மூன்று. கான்வியிலிருந்து கிளம்பும் அன்று காலையில் முதல் பள்ளத்தாக்கு ரயிலையே பிடியுங்கள், இல்லையென்றால் டோல்வித்தெலனில் இறங்கி மறு ரயிலுக்குக் காத்திருக்கும் நேரத்தில் ப்ளைனாயில் குட்டி ரயில் போய்விடும். மூட்டை முடிச்சைக் குறையுங்கள், டோல்வித்தெலன் நிலையத்தில் பைகளை வைக்க இடம் கிடையாது, கோட்டை வரை தோளில்தான் சுமக்க வேண்டும். போர்த்மடாக்கில் தங்கும்போது மின்ஃபோர்த்தில் இறங்காமல் குட்டி ரயிலில் கடைசி வரை போங்கள், அதே நிலையத்திலிருந்துதான் கைர்னார்வன் ரயிலும் கிளம்பும். ஹார்லெக்குக்குப் போகும் ரயில் மட்டும் ஊரின் மறுகோடியில் உள்ள வேறு நிலையத்தில், கடைத்தெரு வழியே ஒரு கிலோமீட்டர் சமதரை நடை. தேதி முடிவானதும் இங்கே போடுங்கள், அந்த நாட்களில் நீராவி ரயில் ஓடுகிறதா என்று பார்த்துச் சொல்கிறேன்.